முன் ஃபோர்க்கின் முழு உண்மை, பென்சில் திருத்தங்களுடன்

1

என் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டு நானே பிரித்தேன், நானே பூட்டினேன். அப்படிப் பூட்டிய வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த என் மனைவி, வரிசையாக ஏழு வேகத்தடைகள் இருக்கும் சாலையில் தூங்கிப்போனாள். குறட்டையோடு.

[குறட்டை கிடையாது. தூக்கமும் கிடையாது.]

மேலே சதுர அடைப்புக்குள் இருப்பது நான் எழுதியதல்ல. என் மனைவி முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். அவளுடைய பென்சில் ஓய்வு பெறவில்லை. இந்தக் கதையில் சதுர அடைப்பு அவளுடையது, வளைந்த அடைப்பு என்னுடையது. வளைவதில் எனக்கு அனுபவம் உண்டு.

இதன் பிறப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓய்வு பெற்றவர்களுக்குக் காலைநடை என்று ஒரு சாக்கு இருக்கிறது. நடப்பது பத்து நிமிடம்; பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அளப்பது ஒன்றரை மணி நேரம். இந்தக் கதையை அங்கே பதினோரு முறை சொல்லியிருக்கிறேன். முதல் முறை வேகத்தடை ஏழு. பதினோராவது முறை பத்தொன்பது, நடுவே ஒரு ரயில்வே கேட். பெஞ்சுக்காரர்களில் ஒருவர் தன் மனைவியிடம் சொல்ல, அந்த அம்மா காய்கறிக் கடையில் என் மனைவியிடம் சொல்ல, அன்று மத்தியானம் எனக்கு விசாரணை.

“ஊர் பூரா நான் தூங்கினேன்னு சொல்லிட்டுத் திரியறீங்களாமே?”

“தூங்கினியா இல்லையா?”

“கண்ணை மூடியிருந்தேன்.”

“அதுக்கு வேற என்ன பேரு?”

“தியானம்.”

அப்புறம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்: “வாயால அளந்தது போதும். எழுதிக் குடுங்க. நான் திருத்தித் தர்றேன். திருத்தினதுக்கு அப்புறம் என்ன மிஞ்சுதோ, அதை மட்டும் வெளியில சொல்லிக்கோங்க.”

ஆக, வாசகரே, நீங்கள் படிப்பது மிஞ்சியது. மலைபோல் எழுதியதில் இவ்வளவுதான் தேறியது.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் எழுதிய பொய்களைப் படித்தே சாப்பிட்டேன். நின்றுகொண்டிருந்த லாரி தன் வண்டிமேல் வந்து பாய்ந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். தும்மியதில் வண்டி கவிழ்ந்தது என்று எழுதியவரைக் கை கொடுத்துப் பாராட்டிவிட்டுத்தான் மறுத்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் முடிவெடுத்தேன்: படித்தது போதும், இனி நாமும் கொஞ்சம் எழுதலாம்.

2

கதைக்குத் தொடக்கம் வேண்டும். மூன்று செய்து பார்த்தேன்.

முதலாவது:

அன்று காலை வெயில் கைப்பிடிக் கம்பியில் பட்டுத் தெறித்தபோது, அவனுடைய உறுதியான விரல்கள் ஸ்பேனரை—

(நிறுத்தினேன். யார் அந்த ‘அவன்’? எனக்கு அறுபத்து நான்கு வயது. விரல் உறுதியாக இருப்பது டிவி ரிமோட்டைப் பிடிக்கும்போது மட்டும்தான்.)

இரண்டாவது:

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கே பள்ளத்தையும் கண்டுபிடித்துவிட்டது. அந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் ஓயாத பேச்சுவார்த்தையைத்தான் நாகரிகம் என்கிறோம். எனவே ஃபோர்க் என்பது ஒரு தத்துவ—

[வண்டி எத்தனையாவது பக்கத்தில் வரும்?]

மூன்றாவது, விளக்கம் சொல்லும் தொடக்கம். இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பைக் ஓட்டாதவர்கள் நடுவழியில் இறங்கிவிடுவார்கள். பைக்கின் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு கால்கள்தான் ஃபோர்க். ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாய். உள்ளே நீளமான ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கும். அது துள்ளாமல் எண்ணெய் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் வெளியே வராமல் ஒரு ரப்பர் வளையம் காவல் இருக்கும். அதற்கு ஆயில் சீல் என்று பெயர். காவல்காரன் தூங்கிவிட்டால் எண்ணெய் வழிந்துபோகும். எண்ணெய் போனால் இரும்பு இரும்பில் இடிக்கும். அந்த இடி அப்படியே கைப்பிடிக்கும் சீட்டுக்கும், சீட்டில் இருப்பவருக்கும் ஏறும்.

[சீட்டில் இருந்தது யார் என்று எழுதவும். கதை அங்கேதான் தொடங்குகிறது. மூன்று தொடக்கமும் வேண்டாம்.]

எழுதுகிறேன், எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

கதை என்றால் வில்லன் வேண்டும். உதிரிபாகக் கடைக்காரரை நியமித்தேன். கண்ணில் மஞ்சள், சிரிப்பில் விஷம், கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பூனை. என் வண்டியின் மாடலைக் கேட்டதும் “அது இன்னும் ஓடுதா?” என்று கடையே அதிரச் சிரித்தார் என்று எழுதினேன்.

[அவர் நல்ல மனிதர். உங்களுக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பரணில் ஏறி ஒரு மணி நேரம் தேடிச் சீல் எடுத்துக் கொடுத்தார். பூனை எதிர்க் கடையுடையது, வெள்ளை.]

வில்லன் போனான். வேறு ஆள் பார்த்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். ஒருத்தியின் கையில் பென்சில் இருக்கிறது.

3

சரி. சீட்டில் இருந்தது அவள்.

இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பின்சீட்டு அவளுடையது. பின்னால் உட்கார்ந்தபடி கடைப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாக என் காதில் வாசித்துக்கொண்டே வருவாள். “அங்க பாருங்க, ஒற்று போச்சு.” “ஐயோ, கால் வாங்கலை.” நான் பார்க்கத் திரும்பினால் “ரோட்டைப் பாருங்க!” என்று முதுகில் ஒரு குத்து. எங்கள் வீட்டில் பேச்சு நடந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வண்டிமேல்தான்.

வண்டியைப் பிரிப்பதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள், மருந்துக் கடை எதிரில் இருக்கும் வேகத்தடை. அதன் உயரம் இரண்டடி.

[ஒரு சாண்கூட இல்லை.]

அதன் உயரம் ஒரு சாண்கூட இல்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. ‘டங்’ என்று ஒரு சத்தம். பின்னால் அவள் எழும்பி, சீட்டின் விளிம்பில் இருக்கும் இரும்புக் கம்பிமேல் விழுந்தாள். கீழே விழவில்லை. கத்தவும் இல்லை. “நிறுத்துங்க” என்றாள், அவ்வளவுதான். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. வால் எலும்பில் கீறல்.

“இந்த எலும்புக்குக் கட்டுப் போட முடியாதுங்க. உட்காராம இருக்கறதுதான் வைத்தியம்” என்றார் டாக்டர். உட்கார்ந்து படிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருத்தியிடம் இதைச் சொன்னார். நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணை ஒன்று வாங்கினோம். அது இன்றும் வீட்டில் அவளோடு அறை அறையாக நடமாடுகிறது.

[வேகத்தடைக்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததை விட்டுவிட்டீர்கள்.]

விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

வேகத்தடைக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு காலை, வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்து, “என்னங்க இது, எண்ணெய் வழியுது?” என்றாள். வலது கால் குழாயில் பளபளவென்று ஒரு வளையம். விபத்து வண்டிகளையே முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரிந்தது. கடைக்குப் போகச் சோம்பல். “வண்டிக்கு வேர்க்குது. வெயில்ல நின்னுச்சுல்ல” என்றேன். அவள் சிரித்தாள். நம்பியும் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “வேர்வைன்னு சொன்னீங்க.”

என் பொய்கள் ஆயிரத்தை அவள் பென்சிலால் அடித்திருக்கிறாள். இந்த ஒன்றை அடிக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகு கேட்டேன். “வண்டியை வித்துடட்டுமா?”

“எதுக்கு? ஓட்டிக்கோங்க. நான் பஸ்ல போய்க்கறேன்.”

“மெக்கானிக்கிட்ட குடுத்து சரி பண்ணிட்டா உட்காருவியா?”

“மெக்கானிக் சரி பண்ணினா மெக்கானிக் பின்னாடி உட்கார்றேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் ஓராண்டு போயும் பஸ்ஸில்தான் போனாள், அதுவும் சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே. நான் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு, பெயர்ப்பலகைப் பிழைகளை நானே படித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்தேன். கைப்பிடியை அந்த வேகத்தடைப் பக்கம் திருப்பவே மாட்டேன், சுற்றுவழியில் போவேன்.

ஆகவே ஃபோர்க்கை நானே பிரிப்பது என்று முடிவு செய்தேன். தைரியத்தினால் என்று எழுதினால் பென்சில் வரும். வேறு வழி இல்லாததால்.

4

பிரித்த வரலாறு. இது வீர ரசம். சற்று விலகி உட்காரவும்.

மேசைமேல் விரிக்கப் பழைய தாள் கேட்டேன். அவள் பரணிலிருந்து அச்சகத்துப் பழைய பிழைதிருத்தத் தாள் கட்டு ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். எஞ்சினுக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்கள் இரண்டை அடுக்கிப் பலகை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரம், பிரேக், மட்கார்டு எல்லாம் கழன்றன. பிறகு இரண்டு கால்களையும் மேலே பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி உருவி, ஒரு கையில் ஒன்றாக, வாள் பிடித்ததுபோல் உள்ளே கொண்டுவந்தேன்.

மேலே ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால்தான் ஸ்பிரிங் வெளியே வரும். திறக்கவில்லை. குழாய் உருண்டை, ஸ்பேனரைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்புகிறது. கையால் பிடித்தேன், துணி சுற்றிப் பிடித்தேன், முழங்காலுக்கு நடுவில் வைத்துப் பிடித்தேன். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மூடியை வண்டியிலேயே இருக்கும்போது லூஸ் பண்ணியிருக்கணுமோ?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வண்டியோட வந்த புத்தகத்துல நாலாவது வரியில போட்டிருக்கே.”

கால்களை மறுபடி வண்டியில் மாட்டி, இறுக்கி, மூடியைத் தளர்த்தி, மறுபடி கழற்றினேன். இப்படி இரண்டு முறை.

[மூன்று முறை. இரண்டாம் முறை ஒரு காலின் மூடியை மறந்துவிட்டீர்கள்.]

கடைசி மரை விட்டதும் ஸ்பிரிங் மூடியைத் தள்ளியது பாருங்கள்! மூடி மேலே பறந்தது, ஓடும் மின்விசிறியின் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே புகுந்து, கூரையைத் துளைத்து, மாடிவீட்டுக்காரர் ஷேவ் செய்துகொண்டிருந்த கண்ணாடி முன்னால்—

[மூடி ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடந்தது. மாடியில் யாரும் இல்லை. நமக்கு மாடியே இல்லை.]

—விழாமல், மனம் மாறி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பழைய எண்ணெயை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில், மீன் கூடை கழுவிய நாற்றம். வலது காலிலிருந்து வந்தது ஒரு டம்ளரில் பாதிகூட இல்லை. இடது காலில் அதைவிடக் கொஞ்சம் தேவலை. ‘வேர்வை’ எல்லாம் போனபின் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அடுத்து, காலின் அடியில் ஒரு போல்ட். அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். மேலிருந்து குழாய்க்குள் நீளக் கட்டை ஒன்றைச் செருகி யாராவது அந்தத் தண்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். வீடு துடைக்கும் மாப்பின் கம்பு கச்சிதமாக இருந்தது. முனையைச் சீவ வேண்டும், அவ்வளவே.

“என் மாப்!”

“புதுசு வாங்கித் தர்றேன்.”

“வண்டிக்கு வேர்த்த கதையா இது?”

(இந்த இடத்தில் நான் எழுத நினைத்த நகைச்சுவை வசனம் ஒன்று இருந்தது. அன்று எனக்கு அது வாயில் வரவில்லை. இன்று எழுதினால் பொய்யாகும்.)

அவள் போய்த் தன் வட்டத் தலையணையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்தாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். நான் தரையில் மல்லாந்து கிடந்து கீழிருந்து திருப்பினேன். ஏழு நிமிடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், ஒரே குழாயின் இரண்டு முனையில்.

“விடாத, விடாத…”

“நான் விடலை. நீங்க ஒழுங்கா திருப்புங்க.”

“திரும்புது… வந்துடுச்சு!”

“மெதுவா. இன்னொரு கால் இருக்கு.”

மாப்புக் கம்பைக் கீழே வைத்தவள் சட்டென்று மேசைமேல் குனிந்தாள். ஸ்பிரிங்குக்கு அடியில் இருந்த தாளில் ஒரு வரியை விரலால் தொட்டாள். “ஐயையோ. இந்தப் பிழையை நான் விட்டிருக்கேன் பாருங்க. பேரே தப்பா போயிருக்கு. யாரோட கல்யாணப் பத்திரிகையோ.” சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கிரீஸ் பட்ட அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். “தெரிஞ்சு விடலை. ஆனா விட்டது விட்டதுதானே” என்றாள்.

5

பூட்டிய வரலாறு சின்னது. பூட்டும்போது மனிதன் அடங்கிவிடுகிறான்.

குழாயில் வெந்நீர் ஊற்றி, பழைய சீலை நெம்பி எடுத்தேன். புதுச் சீலின் உதடு கிழியாமல் இருக்கக் குழாய் நுனியில் பாலிதீன் பை சுற்றினேன். சீலை உள்ளே நேராக இறக்கப் பிளம்பர் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டு உதவியது. இரண்டு காலுக்கும் எண்ணெய் ஒரே அளவு ஊற்ற வேண்டும். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்றால் வண்டி நொண்டும். பேத்தியின் பழைய பால் புட்டியில் அளவுக்கோடு இருந்தது. பால் குடிப்பதுபோலவே இரண்டு காலும் குடித்தன.

[புட்டியைத் தூக்கி எறிந்தாயிற்று. பேத்தியின் பெற்றோருக்குத் தெரிய வேண்டாம்.]

கால்களை மேலே ஏற்றி, சக்கரத்தின் அச்சைச் செருகி, கைப்பிடியைப் பிடித்து நாலு தடவை அமுக்கி நேராக்கிய பிறகு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். அமுக்கினால் வண்டி பெருமூச்சு விட்டு இறங்கி, பெருமூச்சு விட்டு எழுந்தது. சத்தமே இல்லை. மேசையில் விரித்த தாள்களில் ஒரு போல்ட் மிச்சமில்லை, ஒரு வாஷர் மிச்சமில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் சேர்ந்தது. அவள் வந்து கைப்பிடியைத் தானும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, “பரவாயில்லையே” என்றாள். பதினான்கு மாதத்தில் முதல் ‘பரவாயில்லையே’.

பிறகு, துடைத்த மேசையைப் பார்த்தபடியே, “நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகணும். பின்னாடி உட்கார்ந்துக்கறேன்” என்றாள்.

6

முதல் ஐந்து பகுதிகளும் பென்சிலோடு என்னிடம் திரும்பி வந்துவிட்டன. நீங்கள் பார்த்த சதுர அடைப்புகளைத் தவிர, ஓரத்தில் நாற்பத்திரண்டு இடத்தில் கேள்விக்குறி. சந்திப் பிழைகள் தனி.

ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியத்தின் அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. கோடில்லை, குறியில்லை. ‘எல்லாம் அதனதன் இடத்தில் சேர்ந்தது.’ இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியதோ சொன்னதோ எதையும் அவள் இவ்வளவு சுலபமாக விட்டதில்லை. அதை நம்பியிருக்கிறாள்.

அது பொய்.

(இந்தப் பகுதி எழுத மூன்று நாள் ஆயிற்று. மேலே இருக்கும் இரண்டு சொற்களுக்கு மட்டும் இரண்டு நாள்.)

அன்று அவள் கை கழுவ உள்ளே போயிருந்தாள். வண்டி முழுதாகப் பூட்டியாகிவிட்டது. பிழைதிருத்தத் தாள்களைச் சுருட்டி எடுத்தேன். ‘ணங்’ என்று ஒன்று தரையில் விழுந்தது. கட்டைவிரல் அளவில், அலுமினியத்தில், அடியில்லாத சின்னக் கிண்ணி மாதிரி ஒன்று. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது. அது காலின் அடியில், அந்தத் தண்டின் நுனியில் உட்கார வேண்டியது. வண்டி பெரிய அடி வாங்கிக் கால் முழுதாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசி நொடியில் மெத்தை போடுவது அதுதான். அது இல்லாவிட்டால் ‘டங்’.

அந்த ‘டங்’.

அது எந்தக் காலில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்தது. உள்ளே அவள் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கிண்ணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் வந்தாள், அமுக்கிப் பார்த்தாள், “பரவாயில்லையே” என்றாள், பின்னாடி உட்கார்ந்துக்கறேன் என்றாள். சட்டைப் பையில் கிண்ணி இருக்க, நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று சொல்கிறேன். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஒரு காலில் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். நாளைக்கு ஒரு நாள் போய் வந்துவிட்டு அப்புறம் சாவகாசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நின்ற லாரி பாய்ந்தது என்று எழுதிக் கொடுத்தவனும் இப்படித்தான் ஒவ்வொன்றாக நினைத்திருப்பான்.

மறுநாள் காலை, “டயர்ல காத்து கம்மியா இருக்கு, சாயங்காலம் போகலாம்” என்றேன். அவள் பஸ் ஏறி, முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போனாள். தெருமுனையில் பஸ் திரும்பியதும் சக்கரத்தைக் கழற்றினேன். இடது காலின் புது எண்ணெயைக் கிண்ணத்தில் வடித்து வைத்தேன். கம்பைப் பிடிக்க ஆளில்லை. ஸ்பிரிங்கை மறுபடி உள்ளே போட்டு, காலைச் சுவரோடு சாய்த்து நெஞ்சால் அழுத்திக்கொண்டு அடி போல்ட்டைத் திருப்பினேன். சட்டையில் இன்றும் வட்டமாக ஒரு கறை இருக்கிறது. தேநீர் என்று சொல்லியிருந்தேன். கிண்ணியை அதன் இடத்தில் வைத்தேன். விழாமல் இருக்கக் கிரீஸ் தடவி ஒட்டவைத்தேன். பிறகு எல்லாவற்றையும் மறுபடி. இந்த முறை மூடியை முதலிலேயே தளர்த்தினேன். அவள் திரும்பி வந்தபோது உண்மையாகவே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் இந்தக் கதையில் நான் கூட்டாமல் எழுதிய ஒரே பகுதி. இதில் ஒரு ரயில்வே கேட்கூட இல்லை.

இதை எழுதி முடித்த தாள்களைக் காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போய்விட்டேன். பெஞ்சில் ஒருவரும் நம்பாத அளவுக்குப் பேசாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது தாள் வைத்த இடத்தில் இருந்தது. பென்சில் ஒரே ஒரு வரி.

[எந்தக் கால்? இடதா வலதா? தெளிவாக எழுதவும்.]

இடது.

7

இனி அந்தச் சாயங்காலம்.

மணி நான்கு. வட்டத் தலையணையைப் பின்சீட்டில் வைத்து ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை என் தோளில். விரல்கள் தோளுக்குள் இறங்கின. நான் சைக்கிள்கள் முந்திப் போகும் வேகத்தில் ஓட்டினேன். ஒரு நாய் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, வருத்தப்பட்டது.

[நாய் உண்மை.]

பெயர்ப்பலகைகளை அவள் படிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடை வந்தது.

“வருது.”

“தெரியுது.”

“மெதுவா.”

“இதுக்கு மேல மெதுவான்னா இறங்கித் தள்ளணும்.”

முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஒரு பெருமூச்சு. வண்டியுடையதா, அவளுடையதா, என்னுடையதா என்று தெரியவில்லை. “ஒண்ணு” என்றாள். அந்தச் சாலையில் மொத்தம் ஏழு என்று அவளுக்கும் தெரியும். “ரெண்டு” என்றபோது தோளில் விரல் அப்படியேதான் இருந்தது. “மூணு” என்றபோது கொஞ்சம் தளர்ந்தது. “நாலு” என்றது என் காதுக்கு மிக அருகில், மிக மெல்லிய குரலில்.

ஐந்து வரவில்லை. வேகத்தடை வந்தது, எண் வரவில்லை. முதுகில், வலது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, ஹெல்மெட் ‘டொக்’ என்று வந்து சாய்ந்தது. ஆறும் போயிற்று, ஏழும் போயிற்று.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்தால் முதுகு அசையும் என்று அதையும் அளந்து விட்டேன். இடப்பக்கம் அவள் அக்கா வீடு வந்தது. அக்கா வாசலில் நின்று கை காட்டினார். நிறுத்தினால் விழித்துவிடுவாள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே போய்க்கொண்டே இருந்தேன்.

[வழி மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.]

வாசகரே, முப்பத்து நான்கு ஆண்டு சாட்சியங்களை எடைபோட்டவன் சொல்கிறேன். கல்யாணமான நாள் முதல் இன்று வரை, இந்தப் பெண் விழித்திருக்கும்போது இவள் அக்கா வீட்டை நான் தாண்டிப் போனதில்லை. போக முடியாது.

சாலை முடியும் இடத்தில் வண்டியைத் திருப்பியபோது முதுகில் அசைவு. “எங்க போறீங்க?” என்றாள்.

“சும்மா. நீ தூங்கினியே.”

“தூங்கலை. மனசுக்குள்ள எண்ணிட்டிருந்தேன்.”

8

கதைக்கு முடிவு வேண்டுமாம். மூன்று வைத்திருக்கிறேன், எது பொருந்துகிறதோ போட்டுப் பாருங்கள். ஒன்று: அக்கா வீட்டு வாசலில் ஊரே திரண்டு என்னைத் தோளில் தூக்குகிறது. (தோள் கொடுப்பவர்களின் பெயர்ப் பட்டியல் தயார்.) இரண்டு: உலகின் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியிலிருந்து நாலு பொறியாளர்கள் வந்து மாப்புக் கம்பை அளந்துகொண்டு போகிறார்கள். மூன்று: இருவரும் வீடு திரும்பி, ஒன்றும் பேசாமல், சூரியன் மெல்ல—

வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், இதற்கு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. அது என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், நடந்திருந்தால், அப்போது விழித்திருக்கவில்லை. இப்படி ஒரு வழக்கு என் மேசைக்கு வந்திருந்தால் ‘ஆதாரம் போதாது’ என்று எழுதி மூடியிருப்பேன். தவிர, ஆறாம் பகுதியைப் படித்த பிறகு இந்த மனிதன் சொல்லும் எதையும் யாரும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. நானே இப்போது கொஞ்சம் யோசிக்கிறேன்.

ஆகவே கீழே சில வரி இடம் விட்டிருக்கிறேன். பென்சில் வைத்திருப்பவர்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

[ஆறாம் பகுதியில் திருத்தம் இல்லை. வேகத்தடை ஏழு என்பது சரி. குறட்டையை நீக்கவும்.

நாலு வரைக்கும் எண்ணினேன். மீதி மூன்றும் எப்போது வந்தன, எப்போது போயின என்று எனக்குத் தெரியாது. மனதுக்குள்ளும் எண்ணவில்லை. தூங்கிவிட்டேன்.

நடந்ததுதான்.]